நாற்பது சதவீதப் புயல்

உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலியில் ஆளில்லை, ஒரு குரங்குக் குல்லாய்தான் இருந்தது. அதுவும் என்னுடையதன்று, எங்கள் சம்பந்தியுடையது. பங்குனி பிறந்து தெருவில் வெயில் காய்கிறது, இன்னும் அதைக் கழற்ற மனம் வரவில்லை அவருக்கு. உள்ளே டாக்டர் அவர் கை மாவுக்கட்டை வெட்டுகிறார். கையில் உள்ள கட்டை வெட்டுவதற்குத் தலையில் குல்லாய் எதற்கு என்று நான்தான் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

தோளில் தொங்கும் மஞ்சள் பையைப் பார்த்ததுமே நம்மவர் என்று தெரிந்துகொண்டேன். கணவருக்காக வந்தீர்களா? பனி வாரும்போது இடுப்பு பிடித்துக்கொண்டதா? அது உழைத்து வந்த நோவு அம்மா, மரியாதையான நோவு. எங்கள் சம்பந்திக்கு வந்தது அப்படிப்பட்டதன்று. பனிப்புயலை வேடிக்கை பார்க்க வெளியே போய், வழுக்கி விழுந்து, மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்தார். பேரன் எடுக்கும் வயது! குழந்தைகூட சன்னல் வழியாகப் பார்த்துத் திருப்தி அடையும்.

என் பெயர் மாசிலாமணி. திருத்துறைப்பூண்டிப் பக்கம். சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றேன். சாட்சிகள் இருவர் என் கண்முன் கையொப்பமிடாமல் ஒரு குழி நிலத்தைக்கூடக் கைமாற விட்டதில்லை. ஆகவே நான் சொல்வதில் கேள்விப்பட்டது, யூகித்தது என்று எதுவும் இருக்காது. கண்டதைத்தான் சொல்வேன்.

இந்த பஃபலோ நகரத்தில் என் மகள் திலகவதி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை அறிவழகன் மாதத்தில் பாதி நாள் சிகாகோவில் இருப்பார். அந்த மாப்பிள்ளையின் தகப்பனார்தான் உள்ளே இருக்கும் கலியமூர்த்தி. விருத்தாசலத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். அவருக்கும் மனைவி இல்லை, எனக்கும் இல்லை. இரண்டு கிழவர்களையும் ஒரே கூரையின் கீழ் வைத்துவிட்டால் ஒருவருக்கொருவர் துணை என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். துணை! நான் விடியலில் எழுந்து நீராடிப் பதிகம் ஓதிக்கொண்டிருப்பேன். அவர் போர்வைக்குள் இருந்தபடியே கைபேசியைத் தேய்த்து, "சம்பந்தி, இன்னைக்குக் காத்து வடமேற்குங்க" என்பார். பதிகத்துக்கு நடுவில் காற்றின் திசை! முன்வினை அம்மா, வேறென்ன.

அந்த மனிதருக்கு வானிலை அறிக்கைதான் வேதம். காலையில் ஒருமுறை, சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. தொலைக்காட்சியில் ஒரு பெண் வரைபடத்துக்கு முன் நின்று கையை இப்படியும் அப்படியும் வீசுவாள். இவர் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார். இந்தக் குளிர்காலத்தில் மட்டும் இரண்டு முறை "புயல் வருதுங்க" என்று வீட்டைக் கலக்கினார். இரண்டு முறையும் கடைக்கு ஓடிப் பாலும் ரொட்டியும் வாங்கிக் குவித்தார். வந்தது என்ன? சர்க்கரையைத் தூவினாற்போல் கொஞ்சம் பனி. அந்த ரொட்டியைத் தீர்ப்பதற்குள் எனக்கு ரொட்டி என்ற சொல்லே கசந்துவிட்டது.

இப்போது வில்வத்தின் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இந்தக் கை முறிந்த கதையைச் சொல்ல முடியாது. ஒரே நாளில் நடந்தது என்பதற்காகச் சொல்கிறேனே தவிர, இரண்டுக்கும் தொடர்பு கிடையாது.

இந்த ஊர்க் கோயிலில் சிவராத்திரிக்கு என்ன சாத்துவார்கள் தெரியுமா? பொட்டலத்தில் வரும் காய்ந்த வில்வம். பிரித்துக் கொட்டினால் தேயிலைத் தூள் மாதிரி இருக்கும். அதை எடுத்து இறைவன் திருமுடியில் தூவுவதைப் பார்த்து, முதல் ஆண்டு நான் கண்ணை மூடிக்கொண்டேன். பக்தியால் அன்று, வெட்கத்தால். ஊரில் இருந்தவரை ஒரு சிவராத்திரிகூட என் கையால் பறித்த பசுவில்வம் இல்லாமல் கழிந்ததில்லை. என் மனம் படும் பாட்டைப் பார்த்து மகள் ஃபுளோரிடாவிலிருந்து ஒரு வில்வக் கன்றை வரவழைத்தாள். தொட்டியில் வைத்து, விளக்கு வெளிச்சம் காட்டி, பிள்ளையைப் போல வளர்த்தேன். இப்போது என் மார்பளவு நிற்கிறது. கணுவுக்குக் கணு முள். ரோஜாவுக்கு இருப்பதுபோல் வளைந்த முள் அன்று, ஊசி மாதிரி நேராக நீண்ட முள். வளர்த்த என்னையே சும்மா விட்டதில்லை.

அதற்கு வீட்டில் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். குளித்து, நீறு பூசி, பிறகுதான் யாரும் அதைத் தொட வேண்டும். மகளும் மாப்பிள்ளையும் அதன் பக்கமே போவதில்லை. சம்பந்தியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பனிக்காலத்தில் அவர் குளிப்பதே ஒரு திருவிழா. ஒருநாள் விட்டு ஒருநாள்தான். அதுவும் தண்ணீர் கொதிக்க வேண்டும். கதவைத் திறந்தால் ஆவிக்குள் ஆள் இருப்பதே தெரியாது.

இவ்வாண்டு சிவராத்திரிக்கு நான்கு காலப் பூசைக்கும் பசுவில்வம் என் பொறுப்பு என்று கோயிலில் எல்லார் முன்பும் வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த மறுவாரமே செடி வாடத் தொடங்கிவிட்டது. வீட்டுக்குள் ஹீட்டர் காற்று அம்மா. ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது. காலையில் எழுந்தால் தரையில் மஞ்சளாகக் கொத்துக் கொத்தாய் உதிர்ந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் பொறுக்கும்போது கொடுத்த வாக்கு உதிர்வதுபோல் இருக்கும். கோயிலில் அந்தப் பொட்டலத்தை மறுபடி பிரிப்பார்கள். "என்ன ஐயா, உங்க வில்வம்?" என்று கேட்பார்கள். அதை நினைத்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் அந்த வெயில் வந்தது. மாசி நடுவில், சிவராத்திரிக்கு இன்னும் சில நாள் இருக்கையில், யார் கேட்டு வந்தது? ஊரை ஒட்டிய ஏரி மேல் கிடந்த பனி உருகிற்று. கூரையெல்லாம் சொட்டிற்று. இந்த ஊர் ஃபாரன்ஹீட் கணக்கில் அறுபது டிகிரியாம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் அரைக்கால் சட்டையோடு வெளியே வந்து இறைச்சி சுடும் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஐயமே எழவில்லை. ஊரிலிருந்து வரவழைத்த பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். மாசிப் பாதியில் குளிர் விலகி வெப்பம் கூடும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறான். தொட்டியைக் கொண்டுபோய்க் கொல்லைப்புற மரத்தளத்தில், வெயில் விழும் இடமாகப் பார்த்து வைத்துவிட்டேன்.

என்ன சொல்கிறீர்கள்? அது நம் ஊருக்குக் கணித்த பஞ்சாங்கமா? சம்பந்தியும் இதையேதான் சொன்னார். சூரியன் ஊருக்கு ஒன்றா அம்மா?

இரண்டே நாளில் நுனியில் செந்துளிர் விட்டது. என் கண்ணால் கண்டேன். நான் வைத்ததைப் பார்த்துவிட்டுச் சம்பந்தியும் தம் கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார். சொந்தமாக ஒன்றும் செய்யத் தெரியாது. அந்தக் கறிவேப்பிலை அவர் மனைவி இருந்தபோது ஒருமுறை இங்கே வந்து நட்டுவிட்டுப் போனதாம். அதற்கு நாள் தவறாமல் ஒரு தம்ளர் மோர் ஊற்றுவார். ஊற்றும்போது ஏதோ முணுமுணுப்பார். நான் ஒருமுறை, "என்ன மந்திரம் ஓதுகிறீர்கள்?" என்று கேட்டேன். "சும்மா பேசுறதுதாங்க" என்றார். தாளிக்கிற இலையோடு என்ன பேச்சு வேண்டியிருக்கிறது? நாக்குக்கு வளர்க்கும் செடியும் நாயகனுக்கு வளர்க்கும் செடியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் தொடங்கினார்.

"சம்பந்தி, சாயங்காலம் காத்து திரும்புதாம். பனிப்புயல் வரலாமுங்கறான்."

"வரலாம் என்கிறானா, வரும் என்கிறானா?"

"நாப்பது சதவீதமுங்க."

"நாற்பது சதவீதப் புயலா? அப்படியென்றால் தலைக்கு மேல் வராது, இடுப்புவரைதான் வரும். பயப்படாதீர்கள்."

மகள் சிரித்துவிட்டாள். அவருக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். ஆனாலும் விடவில்லை. "செடி ரெண்டையும் உள்ள எடுத்து வச்சிருவோமே சம்பந்தி. நாளைக்கு வெயிலடிச்சா மறுபடி வச்சாப் போச்சு" என்றார்.

நான் சொன்னேன்: "உங்கள் கறிவேப்பிலையை உள்ளே வையுங்கள், கட்டிலில் படுக்க வைத்துக் குல்லாய் போடுங்கள், எனக்கென்ன. வில்வத்தின் மேல் கை வைக்கக் கூடாது. வெயிலை அனுப்பியவன் எவனோ அவனுக்குத் தன் இலையைக் காக்கத் தெரியும்."

கொல்லைக் கதவைத் திறந்து செடிகளை எட்டிப் பார்த்தார். பிறகு, "குளிச்சிட்டுத் தொட்டாத் தப்பில்லையே சம்பந்தி?" என்று கேட்டார்.

"தொடுவது இருக்கட்டும், முதலில் குளியுங்கள்" என்றேன். மகள் மறுபடி சிரித்தாள். இப்படித்தான் அம்மா, பொழுதுக்கும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்.

மகள் வேலைக்குப் போனாள். மாப்பிள்ளை சிகாகோவில். கோயில் அன்பர் ஒருவர் காரில் வந்து என்னைப் பதிகம் ஓத அழைத்துப் போனார். உடம்பில் வேட்டியும் மேல்துண்டும், அதற்குமேல் ஒரு சால்வை, அவ்வளவுதான். சம்பந்தி வாசல்வரை வந்து கனத்த மேலங்கியை நீட்டினார். வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டேன்.

கோயிலில் பாதிப் பதிகம் ஓதுமுன் வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பிற்பகல்தான், ஆனால் கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளை. காற்று கதவை மோதிய வேகத்தில் விளக்குகள் ஆடின. வெயிலில் சொட்டிய தண்ணீரெல்லாம் அப்படியே கண்ணாடியாய் உறைந்து போயிற்றாம். சாலைகளை மூடிவிட்டார்கள், மகளும் மருந்துக்கடையிலேயே மாட்டிக்கொண்டாள். போனவர்கள் எல்லாரும் கோயிலிலேயே தங்கிவிட்டோம். புளியோதரைக்குக் குறைவில்லை.

என்ன கேட்கிறீர்கள்? வில்வம் நினைவுக்கு வந்ததா என்றா? வராமல் இருக்குமா? அதுவும் ஓதிக்கொண்டிருக்கும்போதே வந்தது. அடுத்த அடி வரவில்லை, பாடிய அடியையே மறுபடி பாடினேன். "ஐயா உருகிட்டார்" என்று பக்கத்தில் சொன்னார்கள். நான் மனத்துக்குள் ஒன்றுதான் சொன்னேன்: அடியேன் வைத்தேன், அடியேனால் எடுக்க முடியாது, நீ எடுத்து வை. அவ்வளவுதான். வீட்டுக்குத் தொலைபேசி போட்டுச் சம்பந்தியை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். காலையில் அத்தனை சொன்ன பிறகா? அந்த நாற்பது சதவீதத்தாரிடமா? நன்றாகச் சொன்னீர்கள்.

மறுநாள் நண்பகலில்தான் வீடு திரும்பினேன். நேராகக் கொல்லைப்புறம் போனேன். மரத்தளம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மேடு. கறிவேப்பிலை கறுத்துக் கந்தலாய்த் தொங்குகிறது, வெந்த கீரை மாதிரி. பக்கத்தில் கையுறை இல்லாத கையால் தோண்டினேன். தோண்டத் தோண்டப் பனி. தொட்டி இல்லை! காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று நினைத்தேன். அந்த நேரத்தில் நான் இருந்த நிலையை உங்களிடம் சொல்ல மாட்டேன்.

உள்ளே வந்தேன். பூசையறையில், விளக்குக்கு வலப்புறம், கிழக்கு நோக்கி, அடியில் தாம்பாளம் வைத்து, வில்வம் நிற்கிறது! துளிர்கூட வாடவில்லை. ஒரு கிளை மட்டும் கொஞ்சம் ஒடிந்திருந்தது.

விழுந்துவிட்டேன் அம்மா. நெடுஞ்சாண்கிடையாக. என் வயதில் அப்படி அழுதவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

தலையைத் தூக்கினால் சம்பந்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். போர்வை, குல்லாய், நெற்றியில் பட்டையாக நீறு. நீறு! சாதாரண நாளில் பொட்டுகூட வைக்காத மனிதர். புயலைக் கண்ட பயத்தில் கடவுள் நினைவு வந்திருக்கிறது. இடக்கையை மார்போடு அணைத்திருந்தார்.

"ஏன் சம்பந்தி அழறீங்க?" என்றார்.

"அவன் வந்தான் கலியமூர்த்தி! அவனே வந்து எடுத்து வைத்திருக்கிறான்!" என்றேன்.

ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "ஆமாங்க சம்பந்தி" என்றார்.

அவர் வாயிலிருந்தே அந்த ஒப்புதல் வந்தது, கவனியுங்கள். பிறகுதான் கையைப் பார்த்தேன். பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. என்னவென்று கேட்டால், "வெளிய பாக்கலாம்னு போனேனுங்க, வழுக்கிருச்சு" என்கிறார். குளியலறைக்குள் போனால் ஈர வேட்டி ஒரு பக்கம், ஈரத்துண்டு ஒரு பக்கம். புயல் அடிக்கிற நேரத்தில் தலைக்குக் குளித்திருக்கிறார்! தெருவுக்கே மின்சாரம் போய் விடிந்துதான் வந்திருக்கிறது. அடுப்புக் கடிகாரம் நேரம் தெரியாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்த இருட்டில் ஒருவருக்குக் குளிக்கத் தோன்றுமா? நாளெல்லாம் குளிக்கச் சொன்னால் குளிக்காதவர், குளிக்கக் கூடாத பொழுதில் குளித்து, சளி பிடித்து, ஒரு வாரம் இருமி வீட்டையே அதிர வைத்தார். பயம் வந்தால் சிலருக்குப் புத்தி இப்படித்தான் தடுமாறும்.

சிவராத்திரி வந்தது. நான்கு காலத்துக்கும் என் வில்வம்தான். முதல் இலை திருமுடியில் அமர்ந்தபோது கோயிலே பச்சையாக மணந்தது. பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை. என்னை மேடையேற்றி, நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். பூட்டிய வீடு, மூடிய சாலை, ஆளில்லாத கொல்லை, செடி மட்டும் பூசையறையில். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இப்போது அந்தச் செடியைப் பார்க்கவே ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். தூண் ஓரமாக உட்கார்ந்திருந்த சம்பந்தியை மேடையிலிருந்தே பார்த்தேன். கட்டுப்போட்ட கை தூளியில் தொங்குகிறது, மற்றொரு கையால் கும்பிடுகிறார். ஒற்றைக் கைக் கும்பிடு! ஆண்டவனுக்கு வணக்கம் வைக்கிறாரா, லாரிக்கு வழி காட்டுகிறாரா என்று எனக்கே புரியவில்லை.

ஏனம்மா சிரிக்கிறீர்கள்? இல்லை, சிரித்தீர்கள். கேளுங்கள், என்ன கேட்க வேண்டுமோ நேராகக் கேளுங்கள்.

அவரே எடுத்து வைத்திருக்கலாமே என்றா?

இந்தக் கேள்வியை என் மகளும் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். முதலாவது, அந்தத் தொட்டியை அவரால் அசைக்க முடியாது. முழங்கால் வலிக்காரர். பால் கேனைத் தூக்கினாலே முனகுவார். நான் வெளியே வைத்தபோது மாப்பிள்ளைதான் சிகாகோவுக்குக் கிளம்புமுன் குளித்துவிட்டு வந்து ஒரு கை பிடித்தார். இரண்டாவது, குளிக்காமல் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவர் கோழை, சொன்ன சொல்லை மீறும் துணிவு கிடையாது. மூன்றாவது, மனிதன் முதலில் எதைக் காப்பாற்றுவான்? தன்னுடையதை. பெண்டாட்டி நட்ட செடி பக்கத்திலேயே நிற்க, என் செடியை எவனாவது முதலில் தூக்குவானா? அதைச் சாகவிட்டு இதைத் தூக்கினார் என்றால் நம்புகிற மாதிரி இருக்கிறதா? நான்காவது, தூக்கியிருந்தால் சொல்லியிருக்க மாட்டாரா? காற்று திரும்பினாலே ஊரைக் கூட்டுகிற வாய் அது. எல்லாவற்றுக்கும் மேலாக, சாட்சி எங்கே? முப்பத்தோராண்டு பதிவுத்துறையில் இருந்தவன் நான்.

கொஞ்சம் பொறுங்கள், அந்தத் தாதிப்பெண் நம்மைத்தான் கூப்பிடுகிறாள். மூர்த்தி, மூர்த்தி என்கிறாள். பாதிப் பெயரை விழுங்கிவிட்டார்கள். இங்கேதான் அம்மா, இங்கே. என்ன இது, சின்னக் கிண்ணி? இவள் பேசுகிற வேகத்துக்கு எனக்குப் புரியவில்லை. நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.

முள்ளா? உள்ளங்கையிலா? கட்டுக்குள்ளேயா? சீழ் வைத்துப் புடைத்திருந்ததா? கீறி எடுத்தார்களா? இத்தனை வாரம் அதை உள்ளே வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே இந்த மனிதர்! வேலியில் ரோஜா இருக்கிறது, விழும்போது அதைப் பிடித்திருப்பார். இப்படிக் கொடுங்கள், பார்க்கிறேன்.

மூக்குக்கண்ணாடி எங்கே வைத்தேன்... சரி.

...

இல்லை, ஒன்றுமில்லை அம்மா. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ரோஜா முள் வளைந்திருக்கும். அடி தட்டையாக இருக்கும். இது...

வாருங்கள் சம்பந்தி. இப்படி உட்காருங்கள். வேண்டாம், நிற்க வேண்டாம். நானே எழுந்துகொள்கிறேன், இதில் உட்காருங்கள். கையைக் காட்டுங்கள். குச்சியாய்ப் போயிருக்கிறதே.

என்ன, ரோஜா முள்ளா? நான் இன்னும் கேட்கவே இல்லை, அதற்குள் ஏன் ரோஜா என்கிறீர்கள்? இந்த அம்மா நம் ஊர்ப்பக்கம்தான். கூச்சப்பட வேண்டாம். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வேறெதுவும் கேட்க மாட்டேன். அன்றைக்குக் குளித்தீர்களே, வெந்நீரா?

சத்தமாகச் சொல்லுங்கள், காதில் விழவில்லை.

கரண்டு இல்லையா. பச்சைத்தண்ணீரா.

அந்தக் குளிரில். அந்த இருட்டில். தலைக்கு.

உங்களுக்கு அறிவு என்பது இருக்கிறதா சம்பந்தி? நாடி நின்று போயிருந்தால் உங்கள் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வேன்? நான் சொன்னால் சொன்னதுதானா? எதைச் சொன்னாலும் கேட்டுவிடுவதா? கால் கை கழுவிக்கொண்டால் போதுமா என்று ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? குளித்து முடிப்பதற்குள் புயல் முற்றிவிட்டது, அப்படித்தானே? ஒன்றுக்குத்தான் நேரம் இருந்தது, அப்படித்தானே? எதற்கு இப்போது தலையைக் குனிகிறீர்கள்? நிமிருங்கள். இந்தக் குல்லாயைப் போட்டுக்கொள்ளுங்கள். கையைத் தூக்காதீர்கள், நானே போட்டுவிடுகிறேன். காதை மூடட்டும்.

அம்மா, நீங்கள் எதையோ நினைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறீர்கள். நினைக்காதீர்கள். இந்த முள்ளை என் திருநீற்றுப் பையில் போட்டுக்கொள்வதில் என்ன அதிசயம்? கீழே எறிந்தால் யார் காலிலாவது குத்தும். அவ்வளவுதான். நாடா சிக்கிக்கொண்டது, அவிழ்க்க நேரமாகிறது, முதுமை. இதையும் ஒன்றாகக் கருதாதீர்கள்.

உங்கள் கணவரைக் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது. போய்ப் பாருங்கள். நல்லபடி நடமாடட்டும். ஞாயிற்றுக்கிழமை நேரம் இருந்தால் வீட்டுப் பக்கம் வாருங்கள். வில்வம் தருகிறேன். வரும்போது எங்கேயாவது ஒரு கறிவேப்பிலைக் கன்று கிடைத்தால் கொண்டு வாருங்கள். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. மோர் ஊற்ற இங்கே ஆள் இருக்கிறது.

எழுந்திருங்கள் சம்பந்தி. கார் வருவதற்குள் வாசலுக்குப் போய்விடுவோம். வெளியே பாருங்கள், எப்படிக் காய்கிறது வெயில். அரைக்கால் சட்டைக்காரர்கள் மறுபடி கிளம்பிவிட்டார்கள். ஏன் அப்படியே நிற்கிறீர்கள்? அந்தக் கைபேசியை எடுங்கள். ஆமாம், நான்தான் சொல்கிறேன், எடுத்துப் பாருங்கள். உங்கள் ஆள் சாயங்காலத்துக்கு என்ன சொல்கிறான்?

முப்பது சதவீதமா?

முப்பது போதும். என் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெதுவாக.